முத்துப் பார்களின் மாதிரிச் சோதனையும் அறிக்கை மரபும்: தூத்துக்குடிக் கடற்கரையின் அளவீட்டு வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

மன்னார் வளைகுடாவில் முத்துக்குளிப்பு தொடங்குவதற்கு முன்பாகப் பார்களைச் சோதித்து, மாதிரிச் சிப்பிகளை எடுத்து, அவற்றில் கிடைத்த முத்துகளைத் தரம் பிரித்து மதிப்பிட்டு, முடிவை அரசுக்கும் வணிகர்க்கும் அறிவிக்கும் வழக்கம் இருந்தது. முத்தின் பெருமையைப் பேசிய ஆய்வுகள் பல உள்ளன. முத்தை அளந்த முறையும், அளந்ததை அறிவித்த முறையும் அவ்வளவாகக் கவனிக்கப்படவில்லை. சோழர் கல்வெட்டுகளின் எடைக் குறிப்புகள், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பார் சோதனைகள், பத்துப் பெட்டிச் சல்லடை முறை, செவ்வுக் கணக்கு ஆகியவற்றை இக்கட்டுரை அளவீட்டு வரலாறாக ஆராய்கிறது. ஒரு சோதனை முடிவு அது எடுக்கப்பட்ட சூழலோடு சேர்த்து அறிவிக்கப்படும்போது மட்டுமே பொருள் தரும் என்னும் கருத்தை, ஈதர்நெட் வலையமைப்புச் சோதனை நெறியோடு ஒப்பிட்டு நிறுவுகிறது.

திறவுச்சொற்கள்: முத்துச் சலாபம், பார் சோதனை, மாதிரி, பெட்டிச் சல்லடை, செவ்வு, ஈதர்நெட், அறிக்கை மரபு.

முன்னுரை

கொற்கை முத்து சங்க இலக்கியத்தாலும் அயல்நாட்டார் குறிப்புகளாலும் அறியப்பட்டது. கி.பி. முதல் நூற்றாண்டைச் சார்ந்த ‘எரித்திரியக் கடற்பயண நூல்’ பாண்டிய நாட்டு முத்துக்குளிப்பில் தண்டனை பெற்ற கைதிகள் ஈடுபடுத்தப்பட்டதைக் குறிப்பிடுகிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இக்கரைக்கு வந்த மார்க்கோ போலோ, கிடைத்ததில் பத்தில் ஒரு பங்கு அரசனுக்கும், இருபதில் ஒரு பங்கு பெரிய மீன்களை மந்திரத்தால் கட்டுவோருக்கும் சென்றதாக எழுதினார். பிற்காலத்தில் ‘கடல்கட்டி’ என்று பெயர் பெற்றவர்கள் இவர்களே. பங்கு பிரிப்பதற்கு அளவு வேண்டும். ஆகவே இக்கரையில் முத்தின் வரலாறு தொடக்கத்திலிருந்தே அளவின் வரலாறாகவும் இருந்துள்ளது.

எனினும் கிடைத்த பொருளைப் பங்கிடுவதற்கான அளவு வேறு; கிடைக்கப்போவதை முன்கூட்டிக் கணிப்பதற்கான அளவு வேறு. முன்னதற்குத் தராசு போதும். பின்னதற்கு மாதிரி, சோதனை, கணக்கு, அறிக்கை ஆகிய நான்கும் தேவை. கடலடியில் பல மீட்டர் ஆழத்தில், கண்ணுக்குத் தெரியாத பாரில் எத்தனை சிப்பிகள் உள்ளன, அவற்றில் எவ்வளவு முத்து உள்ளது என்பதைச் சில ஆயிரம் சிப்பிகளைக் கொண்டு சொல்ல வேண்டியிருந்தது. அந்தச் சொல்லை நம்பியே படகுகள் கூடின, வணிகர்கள் பணத்தோடு வந்தனர், குளியாளிகள் கடன் வாங்கிக் குடும்பத்தை விட்டுப் புறப்பட்டனர். எனவே சோதனை அறிக்கையின் நேர்மை பலருடைய பிழைப்போடு தொடர்புடையதாயிற்று.

கல்வெட்டில் நிறையும் வகையும்

முத்தைப் பற்றிய துல்லியமான அளவீட்டு ஆவணங்களுள் தஞ்சை இராசராசேச்சுரத்துக் கல்வெட்டுகள் தலையாயவை. முதலாம் இராசராசனும் அவன் குடும்பத்தாரும் கொடுத்த அணிகலன்கள் அங்கு ஒவ்வொன்றாகப் பட்டியலிடப்பட்டுள்ளன. பொன் ‘ஆடவல்லான்’ என்னும் கல்லாலும், மணிகள் பதித்த அணிகலன்கள் ‘தட்சிணமேருவிடங்கன்’ என்னும் கல்லாலும் நிறுக்கப்பட்டன. எடைகள் கழஞ்சு, மஞ்சாடி, குன்றி எனக் குறிக்கப்பட்டன; இருபது மஞ்சாடி கொண்டது ஒரு கழஞ்சு. முத்துகள் வட்டம், அனுவட்டம், ஒப்புமுத்து, குறுமுத்து, கறடு, இரட்டை, சப்பத்தி, குளிர்ந்தநீர், சிவந்தநீர் முதலிய வகைகளாகப் பிரித்துச் சொல்லப்பட்டன.

இக்கல்வெட்டுகளில் அளவீட்டு வரலாற்றாசிரியர் கருதத்தக்கவை மூன்று. முதலாவது, எந்தக் கல்லால் நிறுக்கப்பட்டது என்பது எடையோடு சேர்த்தே சொல்லப்படுகிறது. அளவுகோல் குறிப்பிடப்படாத எண் அங்கு இல்லை. இரண்டாவது, ஓர் அணியின் நிறை கூறப்படும்போது அரக்கு போன்ற பிற பொருள்களும் உட்பட்ட நிறை என்பது வெளிப்படையாகப் பதிவாகிறது. மொத்த நிறையை முத்தின் நிறையாகப் படிப்பவர் கொள்ளக்கூடிய பிழையைக் கல்வெட்டே தடுத்துவிடுகிறது. மூன்றாவது, எண்ணிக்கையும் வகையும் நிறையும் தனித்தனியே தரப்படுகின்றன. ஒன்றிலிருந்து மற்றொன்றை ஊகிக்கும் பொறுப்பு படிப்பவரிடம் விடப்படவில்லை.

கோயில் கருவூலத்தின் தேவை பொருள் குறையாமல் காப்பது. பின்னால் வரும் அலுவலர் மறுபடி நிறுத்துப் பார்த்தால் அதே எண் வர வேண்டும். மறுசோதனைக்கு இடம் தரும் பதிவு என்று இதனைக் கூறலாம்.

பார் சோதனையின் நடைமுறை

மன்னார் வளைகுடாவின் இந்தியக் கரையில் கடலடிப் பாறைத் திட்டுகள் ‘பார்’ என வழங்கப்படுகின்றன. தொள்ளாயிரம் பார், குடமுத்துப் பார் என ஒவ்வொன்றிற்கும் மீனவர் வைத்த பெயருண்டு. முத்துச் சிப்பி இப்பார்களில் கூட்டமாக ஒட்டி வாழ்கிறது. இளஞ்சிப்பியில் விலைபெறும் முத்து இராது. முதிர்ந்த சிப்பி விரைவில் இறந்து, முத்து மணலோடு போய்விடும். நான்கு முதல் ஆறு வயது வரையிலான குறுகிய காலமே குளிப்புக்கு ஏற்றது. ஆதலால் பாரில் சிப்பி உண்டா என்பதோடு அதன் வயது என்ன என்பதும் சோதனையின் கேள்வியாயிற்று.

ஆங்கிலேயர் ஆட்சியில் தூத்துக்குடியிலும் இலங்கையிலும் பார்களுக்கெனக் கண்காணிப்பாளர்கள் இருந்தனர். கடல் அமைதியான பருவத்தில் கண்காணிப்பாளர் குளியாளிகளோடு பார்களுக்குச் சென்று, குறிப்பிட்ட இடங்களில் அவர்களை இறக்குவார். ஒரு முழுக்கிற்கு எத்தனை சிப்பிகள் வந்தன, அவற்றின் அளவென்ன, வயதென்ன, பாரின் பரப்பு எவ்வளவு என்பன குறிக்கப்படும். நம்பிக்கை தரும் பாராயின் சில ஆயிரம் சிப்பிகள் மாதிரியாக எடுக்கப்பட்டுக் கரையில் அழுகவிடப்பட்டுக் கழுவப்படும். கிடைத்த முத்துகளை அனுபவமுள்ள மதிப்பீட்டாளர்கள் தரம் பிரித்து விலையிடுவர். இறுதியில் முழுச் சோதனையும் ‘ஆயிரம் சிப்பிக்கு இவ்வளவு ரூபாய்’ என்னும் ஒற்றை எண்ணாகச் சுருங்கும்.

இவ்வெண்ணோடு எண்ணிக்கைக் கணிப்பும் சேர்ந்தது. எடுத்துக்காட்டாக, 100 படகுகள் நாளொன்றுக்குத் தலா 10,000 சிப்பிகள் வீதம் 15 நாள் குளிக்கலாம் எனின், பாரில் ஒன்றரைக் கோடிச் சிப்பிகள் எடுக்கத்தக்க நிலையில் உள்ளன என்று பொருள். படகு, நாள், சுமை ஆகிய அலகுகள் வணிகர்க்கும் குளியாளிக்கும் உடனே விளங்குபவை. ஆனால் அவ்வலகுகளுக்குள் ஓர் ஊகம் மறைந்திருந்தது. ஒரு முழுக்கிற்குக் கிடைக்கும் சிப்பி பாரின் அடர்த்தியை மட்டும் பொறுத்ததன்று. ஆழம், நீரோட்டம், நீரின் தெளிவு, குளியாளியின் மூச்சு ஆகியவற்றையும் பொறுத்தது. அடர்ந்த திட்டில் இறங்கியவர் தரும் எண்ணைப் பார் முழுவதற்கும் விரித்தால் கணிப்பு பன்மடங்கு பெருகும்.

சோதனைக்கும் குளிப்புக்கும் இடையே மாதங்கள் கழிவதும் உண்டு. அதற்குள் காற்றும் நீரோட்டமும் மணலைப் பாரின்மேல் புரட்டலாம். திருக்கை முதலிய மீன்கள் சிப்பிகளைத் தின்றுவிடலாம். அறிக்கை எழுதப்பட்ட நாளில் உண்மையாயிருந்த எண் படகு இறங்கும் நாளில் பொய்யாகலாம். நாளைக் குறிப்பிடாத எண் இத்தொழிலில் ஆபத்தானது.

‘இல்லை’ என்னும் அறிக்கை

1830இல் தூத்துக்குடிப் பகுதியில் முத்துக்குளிப்பு நடைபெற்றது. அதன்பின் 1856 வரை பார்கள் பதின்மூன்று முறை சோதிக்கப்பட்டன. ஒவ்வொரு முறையும் இலாபம் தரத்தக்க அளவில் முதிர்ந்த சிப்பி இல்லை என்றே அறிக்கை வந்தது; குளிப்பு நடத்தப்படவில்லை. பின்னர் 1860, 1861, 1862 ஆகிய ஆண்டுகளில் குளிப்பு நிகழ்ந்தது. மீண்டும் நீண்ட இடைவெளி. அடுத்த குளிப்பு 1889இல்தான்.

பதின்மூன்று எதிர்மறை அறிக்கைகளை வெறும் தோல்விப் பட்டியலாகக் கொள்வது பொருந்தாது. அரசுக்கு வருவாய் வேண்டியிருந்த காலத்தில், மேலிடம் விரும்பாத முடிவைத் திரும்பத் திரும்ப எழுதியவை அவை. அவை இல்லாவிடில் இளஞ்சிப்பிகள் வாரப்பட்டு, பிற்காலக் குளிப்புக்குரிய இனம் அழிந்திருக்கக்கூடும். வரலாற்றாய்வுக்கும் அவை பயன்படுகின்றன. குளிப்பு நடந்த ஆண்டுகளை மட்டும் அறிந்திருந்தால், இடைப்பட்ட காலத்தில் பார்கள் வெறுமையாயிருந்தனவா, யாரும் பார்க்கவில்லையா என்று வேறுபடுத்த இயலாது. ‘பார்த்தோம், இல்லை’ என்பதும் ‘பார்க்கவில்லை’ என்பதும் வெவ்வேறு தகவல்கள்.

இலங்கைப் பக்கத்தில் நிகழ்ந்தது இதன் மறுதலை. அங்குப் பார்களின் நிலையை 1902இல் உயிரியலாளர் வில்லியம் ஹெர்ட்மன் ஆராய்ந்தார். அவருக்குத் துணையாக வந்தவர் ஜேம்ஸ் ஹார்னெல். ஹெர்ட்மனின் அறிக்கை 1903 முதல் 1906 வரை ஐந்து பகுதிகளாக வெளிவந்தது. 1905ஆம் ஆண்டுக் குளிப்பில் எட்டுக் கோடிக்கும் மேற்பட்ட சிப்பிகள் கிடைத்தன. அவ்வெற்றியின் சூட்டில் 1906இல் பார்கள் 20 ஆண்டுக் குத்தகைக்கு ஒரு நிறுவனத்திடம் விடப்பட்டன. சில ஆண்டுகளிலேயே சிப்பிவளம் ஒழிந்து நிறுவனமும் முடங்கியது. மிகச் சிறந்த ஓர் ஆண்டின் விளைவை வழக்கமான விளைவாகக் கொண்டதன் பயன் இது. தூத்துக்குடியின் பதின்மூன்று ‘இல்லை’களையும் இலங்கையின் ஒற்றை ‘உண்டு’வையும் அருகருகே வைத்துப் பார்ப்போர்க்கு, நீண்ட தொடர்ப் பதிவின் மதிப்பு புலனாகும். ஹார்னெல் 1905இல் இந்தியப் பக்கத்துப் பார்களைப் பற்றியும் சென்னை அரசுக்கு அறிக்கை அளித்தார். பின்னர்ச் சென்னை மாகாண மீன்வளத் துறையில் பணியாற்றினார்.

பத்துப் பெட்டியும் செவ்வுக் கணக்கும்

மாதிரி முத்துகள் விலையிடப்பட்ட முறை அளவையியலில் தனியிடம் பெறத்தக்கது. துளையிட்ட பித்தளைப் பெட்டிகள் பத்து கொண்ட சல்லடைத் தொகுதி பயன்பட்டது. அவை 20, 30, 50, 80, 100, 200, 400, 600, 800, 1000 என்னும் எண்களால் வழங்கின. எண் ஏற ஏறத் துளை சிறுக்கும். பெரிய துளைப் பெட்டியில் நின்ற முத்து பெரியது. வழிந்தவை அடுத்த பெட்டிக்குச் செல்லும். இவ்வாறு பருமனால் பிரித்தபின், உருட்சி, ஒளி, நிறம் ஆகியவற்றால் ஆணி, அணத்தாரி, மசங்கு, கையேறல், குறுவல், களிப்பு, பீசல், வடிவு, தூள் எனப் பிரித்தனர். உருட்சியிலும் ஒளியிலும் குறையற்றது ஆணி. மிகச் சிறியது தூள்.

உயர்தர முத்துகளின் விலை நேரடியாக எடைக்கு இடப்படவில்லை. ‘செவ்வு’ என்னும் கணக்கலகுக்கு இடப்பட்டது. ஒரு தொகுதியின் மொத்த எடையைத் தன்னால் பெருக்கி, முத்துகளின் எண்ணிக்கையால் வகுப்பதே செவ்வின் அடிப்படை. ஒரு மஞ்சாடி எடையுள்ள பத்து முத்துகளை எடுத்துக்கொண்டால் மொத்த எடை 10. அதன் வர்க்கம் 100. பத்தால் வகுக்க 10. பத்து மஞ்சாடி எடையுள்ள ஒரே முத்தாயின் வர்க்கம் 100. ஒன்றால் வகுக்க 100. எடை ஒன்றே; மதிப்பு பத்து மடங்கு. பருமன் கூடக் கூட அருமை மிகுவதைக் கணக்கே ஏற்றுக்கொள்கிறது.

இம்முறை மாதிரிச் சோதனைக்கு ஒரு சிக்கலையும் தந்தது. மதிப்பு எடையின் வர்க்கத்தைப் பின்பற்றுவதால், சில ஆயிரம் சிப்பிகளுக்குள் தற்செயலாக அகப்பட்ட ஒரே பெரிய முத்து ‘ஆயிரம் சிப்பிக்கு’ உரிய விலையை உயர்த்திவிடும். அம்முத்து அகப்படாத மாதிரி அதே பாரை ஏழ்மையாகக் காட்டும். இரண்டு அறிக்கைகளும் நேர்மையானவையே. ஆயினும் இரண்டும் பாரைச் சரியாகச் சொல்லவில்லை. பெட்டிவாரியாக எத்தனை முத்து, என்ன எடை என்று பிரித்துத் தரும் பட்டியலே இதற்கு மருந்து. அப்பட்டியலைக் காணும் வணிகர் விலை எதனால் உயர்ந்தது என்று தாமே கண்டறிவார். சராசரி மட்டும் அச்சேறும்போது அந்த அறிவு மறைந்துவிடுகிறது.

பிழையின் சுமை யார்மேல் விழுந்தது என்பதும் எண்ணத்தக்கது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கரைக்கு வந்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு அரசுக்கும், ஒரு பங்கு குளியாளிகளுக்கும் சென்றது. அரசு தன் பங்கை நாள்தோறும் ஆயிரம் கணக்கில் ஏலமிட்டுப் பணமாக்கியது. ஏலம் எடுத்தவருக்குக் கிடைத்தது திறக்கப்படாத சிப்பி; உள்ளே உள்ளதன் நட்டமும் இலாபமும் அவருடையவை. குளியாளிக்குக் கூலி இல்லை, பங்கே உண்டு. பாரில் சிப்பி குறைந்தால் அவருடைய உழைப்பு வீண். கணிப்பு மிகையாயின் முதலில் துன்புறுவோர் அறிக்கையை எழுதியவர்களோ வெளியிட்டவர்களோ அல்லர்.

ஈதர்நெட் சோதனை நெறியோடு ஓர் ஒப்பீடு

தூத்துக்குடிக் கரைக்கு வேறொரு கடலடி வாழ்வும் வாய்த்தது. 2006இல் தூத்துக்குடியையும் கொழும்பை அடுத்த கல்கிசையையும் இணைக்கும் ‘பாரத் லங்கா’ ஒளியிழைக் கடல்வடம் செயற்பாட்டுக்கு வந்தது. முத்துக்குளிப்பால் இணைந்திருந்த இரு கரைகளுக்கிடையே அதன்வழித் தரவு சென்றது. தரவு வலையமைப்பின் திறனை அளப்பதிலும் அறிவிப்பதிலும் எழுந்த சிக்கல்கள், பார் சோதனையின் சிக்கல்களை வியக்கத்தக்க அளவில் ஒத்துள்ளன.

ஈதர்நெட் 1973இல் அமெரிக்காவின் செராக்ஸ் ஆய்வகத்தில் உருவானது. பத்தாண்டுகளில் அதன் திறன் பற்றிக் கோட்பாட்டு ஆய்வுகள் பல வந்தன. அவற்றைத் தவறாகப் படித்ததால், ஈதர்நெட் தன் கொள்ளளவில் 37 விழுக்காட்டிலேயே நிறைந்துவிடும் என்னும் கருத்து பரவியது. 1988இல் டேவிட் பாக்ஸ், ஜெஃப்ரி மோகுல், கிறிஸ்டபர் கென்ட் ஆகியோர் உண்மையான வலையமைப்பில் அளந்து, அக்கருத்தின் பிழையைக் காட்டினர். எண் அதற்குரிய நிபந்தனைகளிலிருந்து பிரிந்து தனியே உலவியதே அப்பிழையின் வேர்.

1999இல் ஸ்காட் பிராட்னர், ஜிம் மெக்குவெய்ட் ஆகியோர் எழுதிய ‘ஆர்.எஃப்.சி. 2544’ என்னும் ஆவணம், வலையமைப்புக் கருவிகளைச் சோதித்து அறிவிப்பதற்குப் பொது நெறி வகுத்தது. ஈதர்நெட்டுக்கு 64, 128, 256, 512, 1024, 1280, 1518 பைட் என ஏழு சட்டக அளவுகளில் சோதிக்க வேண்டும் என்றது. ஒரு சட்டகம்கூட இழக்கப்படாமல் செல்லும் மிக உயர்ந்த வேகமே செலுத்துதிறன். தாமதச் சோதனையைக் குறைந்தது இருபது முறை செய்து சராசரியை அறிவிக்க வேண்டும். செலுத்துதிறனை வரைபடமாகத் தரும்போது ஒவ்வொரு சட்டக அளவுக்கும் உரிய மதிப்பையும், கோட்பாட்டளவில் இயலும் உச்சத்தையும் சேர்த்துக் காட்ட வேண்டும்.

ஏழு அளவுகள் ஏன் தேவைப்பட்டன என்பதைக் கணக்கு விளக்கும். நொடிக்கு ஒரு கோடி பிட் செல்லும் ஈதர்நெட்டில் 64 பைட் சட்டகங்கள் நொடிக்கு 14,880 வரை செல்லும். 1518 பைட் சட்டகங்கள் 812 மட்டுமே. ஒவ்வொரு சட்டகத்தோடும் முன்குறியும் இடைவெளியுமாக 20 பைட் அளவுக்குக் காலம் செலவாகிறது. சிறிய சட்டகத்தில் அது 84க்கு 20. பெரியதில் 1538க்கு 20. ஆகவே பெரிய சட்டகத்தால் மட்டும் சோதித்த கருவி சிறந்ததாகத் தோன்றும்; சிறியவற்றால் சோதித்தால் அதே கருவி திணறக்கூடும். ஒற்றை எண் இரண்டையும் மறைக்கும்.

பத்துப் பெட்டிகளும் ஏழு சட்டகங்களும் ஒரே தேவையிலிருந்து பிறந்தவை: பருமன் மாறும்போது பொருளின் இயல்பு மாறினால், பருமன்வாரியாகவே அளக்கவும் அறிவிக்கவும் வேண்டும். அரக்கு உட்பட்ட நிறை என்று கல்வெட்டு சொல்வதும், முன்குறியும் இடைவெளியும் சேர்ந்ததா சேராததா என்று வலையமைப்பு அறிக்கை சொல்ல வேண்டியிருப்பதும் ஒரே நேர்மையின் இரு வடிவங்கள்.

வேறுபாடும் உண்டு. வலையமைப்புக் கருவியை ஆய்வகத்தில் ஒரே நிலையில் பலமுறை சோதிக்கலாம். பாரை அவ்வாறு சோதிக்க இயலாது. எடுத்த சிப்பி திரும்பாது, பாரும் நாளுக்கு நாள் மாறும். ஆதலால் பார் சோதனையில் மறுசோதனையின் இடத்தை நீண்டகாலத் தொடர்ப் பதிவே நிரப்ப வேண்டியிருந்தது.

பிற்கால நிலை

1955 முதல் 1961 வரை தூத்துக்குடியில் ஆண்டுதோறும் முத்துக்குளிப்பு நடைபெற்றது. அதுவே இக்கரையின் கடைசிக் குளிப்புத் தொடராயிற்று. பின்னர் மூச்சுக்கருவியுடன் ஆய்வாளர்களே கடலடிக்குச் சென்று பார்களை நேரில் கண்டனர். ‘ஒரு முழுக்கிற்கு இத்தனை’ என்னும் பழைய அலகின் இடத்தில், பரப்பலகுக்கு இத்தனை என்னும் அலகு வந்தது. குளியாளியின் திறன் எண்ணுக்குள் கலந்திருந்த நிலை இதனால் நீங்கியது. 1973இல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் விஞ்ஞானி கே. அழகர்சாமி தூத்துக்குடியில் உருண்டையான வளர்ப்பு முத்தை உருவாக்கினார். முத்து கடல் தரும் கொடையாக மட்டும் இருந்த நிலை மாறியதும் அளவீட்டின் கேள்வியும் மாறியது: பாரில் எவ்வளவு உள்ளது என்பதன் இடத்தில், இத்தனை சிப்பிகளில் கரு வைத்தால் எத்தனை முத்து விளையும் என்பது வந்தது.

முடிவுரை

இவ்வாய்வால் பெறப்படுவன நான்கு. ஒன்று, தமிழகத்தின் முத்து ஆவணங்களில் அளவுகோல், வகை, எண்ணிக்கை, நிறை ஆகியவற்றைப் பிரித்துப் பதியும் மரபு பதினொன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே முழுமை பெற்றிருந்தது. இரண்டு, காலனியக் காலப் பார் சோதனை பல தகவல்களைத் திரட்டியபோதிலும், ‘ஆயிரம் சிப்பிக்கு இவ்வளவு’ என்னும் ஒற்றை எண்ணே அதிகம் புழங்கியது. அவ்வெண் செவ்வுக் கணக்கின் இயல்பால் தற்செயலுக்கு எளிதில் ஆட்படக்கூடியது. மூன்று, 1830க்கும் 1856க்கும் இடைப்பட்ட எதிர்மறை அறிக்கைகள் இக்கரையின் சிப்பிவள வரலாற்றுக்கு இன்றியமையாத சான்றுகள். நான்கு, பெட்டிவாரிப் பட்டியலும் சட்டகவாரி வரைபடமும் தம்முள் தொடர்பின்றித் தோன்றியும் ஒரே முறையியலை வந்தடைந்தன.

முத்துக்குளிப்பு ஆவணங்களைப் பயன்படுத்தும் ஆய்வாளர் ஒவ்வோர் எண்ணிடமும் கேட்க வேண்டியவை எளியவை: எங்கே எடுக்கப்பட்டது, எப்போது எடுக்கப்பட்டது, எதனால் அளக்கப்பட்டது, எதை உட்படுத்தியது. இந்நான்குக்கும் விடை தராத எண்ணை வருவாய்ப் புள்ளியாக அட்டவணையில் சேர்ப்பதைவிட, அதனைத் தனியே குறித்து வைப்பதே வரலாற்றாய்வுக்குப் பாதுகாப்பானது.